பட்டாவும் பவுசரும்

துறைமுகப் பட்டினத்திலே கப்பலிலிருந்து சரக்குகளோடு சொற்களும் இறங்குகின்றன. சரக்குக்குச் சுங்கம் உண்டு. சொல்லுக்கு அது கிடையாது. கப்பல் திரும்பிப் போய், அதனை அனுப்பிய அரசும் மறைந்துவிட்ட பின்னரும், சொல் மாத்திரம் ஊரிலே தங்கி, ஊர்ப் பிள்ளைகளுள் ஒன்றாக வளர்ந்துவிடுகிறது. திருகோணமலையிலே வாழும் எமக்கு இதனை அறிய நூல்நிலையம் வேண்டுவதில்லை. வாகனங்களைத் திருத்தும் கராஜ் ஒன்றின் வாயிலில் அரைமணி நேரம் காதைக் கொடுத்து நின்றாற் போதும்.

மோட்டார் வாகனங்களிலே பித்துக் கொண்டவர்களுக்கும், அவற்றை ஓட்டுவோருக்கும், திருத்துவோருக்கும் தனியான ஒரு பேச்சு வழக்கு உண்டு. கேட்பவர் சிலர் முகம் சுளித்து, “இது கொச்சை” என்று ஒதுக்கிவிடுவர். தமிழ் இலக்கணம் அவ்வாறு ஒதுக்கவில்லை என்பதே எமது கட்சி. ஒரு கூட்டத்தார் தம் தொழிலிடையே ஒரு பொருளின் சொற்குறியை விடுத்து வேறொரு குறியால் வழங்குதலைக் குழூஉக்குறி என்று பெயரிட்டு, தகுதி வழக்கினுள்ளே இடம் கொடுத்தவர்கள் நம் இலக்கணகாரர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப் பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் பாடசாலைப் பிள்ளைகள் மனனம் செய்யும் எடுத்துக்காட்டுகள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூலின் வழியிலே யானைப் பாகனுக்குக் கிடைத்த மதிப்பு, இன்றைய லொறிச் சாரதிக்குக் கிடைக்கலாகாதோ?

இவ்வினா எம் உள்ளத்தில் எழுந்ததற்குக் காரணமாயிருந்தவன் ஒரு மாணவன். கல்லூரிச் சஞ்சிகைக்காக ‘எம் ஊர்த் தொழில்கள்’ என்னும் பொருளில் கட்டுரை கேட்டிருந்தோம். பதினோராம் தரத்துப் பிள்ளை ஒருவன் வாகனத் திருத்தகத்தைப் பற்றி எழுதி வந்தான். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. ஆயினும் கட்டுரையில் உயிர் இல்லை. அதிலே வரும் தொழிலாளி கருவிகள் எதனையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ‘உபகரணம்’, ‘சாதனம்’, ‘பொறிமுறை’ என்றே பேசினான். “தம்பி, கராஜில் வேலை செய்வோர் இப்படியா பேசுகிறார்கள்?” என்று கேட்டோம். “இல்லை சேர். அது கராஜ்ப் பாஷை. எழுதினால் ஆட்கள் சிரிப்பார்கள்” என்றான். சிறிது நேரம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே, “எங்கட அப்பா கராஜில்தான் வேலை சேர்” என்றான்.

அவனுடைய தந்தையை நாம் முன்பே அறிவோம். எம் தந்தையார் விட்டுச் சென்ற பழைய மொறிஸ் மைனர் ஒன்று எம் வீட்டிலே நிற்கிறது. அதற்கு வைத்தியம் பார்ப்பவர் அவரே. அடுத்த முறை சென்றபோது மகனுடைய கட்டுரையைப் பற்றி மெல்லச் சொன்னோம். கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தபடி அவர் சிரித்தார். “மாஸ்டர், நான் பேசுறது எனக்கே எங்கயிருந்து வந்ததெண்டு தெரியாது. என்ட பாஸ் சொன்னார், நான் சொல்றன். அவன் படிச்ச பிள்ளை, வெட்கப்படுவான்தானே” என்றார். அந்தச் சிரிப்பின் அடியிலே கிடந்த வருத்தத்தை நாம் கவனியாமலில்லை. அன்று தொடக்கம் அவர் வாயிலிருந்து விழுந்த சொற்களைக் குறித்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றினதும் பிறப்பை ஆராயலானோம். அவற்றுட் சிலவற்றை நேயர்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, அவர் தம் குருவைக் குறித்த ‘பாஸ்’ என்ற சொல்லே. தொழில் தெரிந்த கைவினைஞனைச் சிங்கள மக்கள் ‘பாஸ் உன்னஹே’ என்று மரியாதையோடு அழைப்பர். மூவினத்தாரும் அருகருகே வாழும் எம் ஊரிலே தமிழ் பேசுவோரும் ‘மேசன் பாஸ்’ என்பர். அது ஒல்லாந்தச் சொல். தலைவன், எசமான் என்பது பொருள். திருகோணமலைக் கோட்டை 1795ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஆயினும் ஒல்லாந்தரின் ‘பாஸ்’ போகவில்லை. அதே சொல் அமெரிக்காவிற் குடியேறிய ஒல்லாந்தரோடு அங்கு சென்று, ஆங்கிலத்திலே மேலதிகாரியைக் குறிக்கும் ‘பொஸ்’ ஆயிற்று. நியூயோர்க்கின் மாளிகையிலே சுழல் நாற்காலியில் இருப்பவரும், எம்மூரிலே லொறியின் அடியில் மல்லாந்து கிடப்பவரும் ஒரே பட்டத்தைத் தாங்கியவர்கள் என்பது எண்ணுந்தோறும் இனிக்கின்றது.

இரண்டாவது, மண்ணிலே புதைந்த சில்லை நெம்பி எடுக்கும் ‘அலவாங்கு’. நெம்புகோலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் இது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டியவர் போர்த்துக்கேயர். இடித்தவர் போயினர், இடிக்கும் கருவியின் பெயர் எம் நாவிலே நின்றுவிட்டது. வாகனத்தை உயிர்ப்பிக்கும் ‘சாவி’யும் அவர்கள் தந்த சொல்லே. சொற்கள் நல்லவர் கையால் வந்தனவா, அல்லாதவர் கையால் வந்தனவா என்று பார்த்து மக்கள் ஏற்பதில்லை. தேவை என்று கண்டால் எடுத்துக்கொள்கிறார்கள். பின்பு அதனைத் தம் வேலைக்குப் பழக்கிவிடுகிறார்கள்.

அடுத்து வருவது ‘பவுசர்’. பெற்றோல் கொண்டு வரும் தாங்கி லொறியை இலங்கையிலே எவரும் வேறு பெயரால் அழைப்பதில்லை. இது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்காவிலே இந்தியானா மாநிலத்துப் போர்ட் வெயின் நகரில் வாழ்ந்த சில்வானஸ் பவுசர் என்பவர், 1885ஆம் ஆண்டில், மளிகைக் கடை ஒன்றிலே மண்ணெண்ணெயை அளந்து ஊற்றுவதற்கு ஒரு பம்பியைச் செய்து கொடுத்தார். கடையிலே வெண்ணெய்க்கு அருகில் இருந்த எண்ணெய்ப் பீப்பா ஒழுகி, வெண்ணெயிலும் மண்ணெண்ணெய் மணத்ததே அதற்குக் காரணம் என்று கதை சொல்வர். மோட்டார் வண்டி பெருகியபோது அப்பம்பியே பெற்றோல் பம்பியாக வளர்ந்தது. அவுஸ்திரேலியாவிலே இன்றும் பெற்றோல் ஊற்றும் பம்பிக்குப் பவுசர் என்று பெயர். பிரித்தானிய விமானப் படையினரோ விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டும் வண்டியைப் பவுசர் என்றனர்.

இங்கேதான் எம்மூரின் தொடர்பு வருகின்றது. துறைமுகத்தின் ஓரத்திலுள்ள சீனன்குடாவிலே பிரித்தானியர் விமானத் தளம் வைத்திருந்தனர். அதனை அடுத்து அவர்கள் அமைத்த எண்ணெய்க் குதங்களுள் 99 இன்றும் காட்டிடையே நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத் தக்கது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தது இத்துறைமுகத்தின் மீதும் இவ்விமானத் தளத்தின் மீதுமே. அங்கே கூலி வேலை செய்த எம் முன்னோர் காதிலே ‘பவுசர்’ என்னும் சொல் நாள்தோறும் விழுந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. இன்று கோடை முற்றிக் கிணறுகள் வற்றினால், உட்கிராமத்துப் பெண்கள் குடங்களோடு காத்திருப்பது ‘தண்ணீர்ப் பவுசரு’க்காக. வெண்ணெயிலே மண்ணெண்ணெய் மணக்கலாகாது என்று பாடுபட்டவரின் பெயர், எங்கோ ஒரு தீவிலே, தாகம் தீர்க்கும் வண்டிக்கு வாய்த்திருக்கிறது. இதைவிடப் பெரிய பட்டம் ஒரு கைவினைஞனுக்கு வேறு உண்டோ?

வண்டியின் உறுப்புகளைக் குறிக்கும் சொற்களிலே குதிரையின் குளம்பொலி கேட்கின்றது. காரின் பின்புறத்துப் பெட்டியை நாம் ‘டிக்கி’ என்கிறோம். குதிரை வண்டியின் பின்னே வேலையாள் அமரும் ஆசனத்துக்கு அப்பெயர் இருந்தது. பின்பு பழைய கார்களின் பின்னே மடித்து வைக்கும் ஆசனத்துக்கு வந்து, ஆசனம் ஒழிந்து பெட்டி எஞ்சியபோது பெட்டிக்கும் பெயராயிற்று. இலங்கையிலும் இந்தியாவிலும் அச்சொல் உயிரோடிருக்க, இங்கிலாந்திலே அப்பெட்டியை வேறு பெயரால் வழங்குகிறார்கள். சாரதிக்கு முன்னுள்ள ‘டாஷ்போர்ட்’, குதிரையின் கால்கள் வாரி அடிக்கும் சேறு ஏறியிருப்போர் மேல் தெறியாவண்ணம் தடுத்த பலகை. குதிரையும் இல்லை, சேறும் இல்லை, பலகையும் இல்லை. பெயர் மட்டும் தொடர்ந்து ஓடுகிறது. ‘பஸ்’ இன்னும் வேடிக்கையானது. ‘எல்லோருக்கும்’ என்னும் பொருள்பட்ட ‘ஒம்னிபஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வாலே அது. தமிழில் ‘எல்லோருக்கும்’ என்பதை வெட்டிக் ‘கும்’ என்று மட்டும் வண்டிக்குப் பெயரிட்டாற் போன்றது. இலக்கண ஆசிரியர் எவரேனும் இதனை அனுமதித்திருப்பாரா? மக்கள் அனுமதி கேட்கவில்லை, ஏறிக்கொண்டார்கள்.

இனி, பழைய கார்களைப் பிள்ளைபோற் பேணுவோரின் வழக்கு. ஒஸ்ரின் ஏ 40 என்னும் காரை எம் சிறுவயதில் பெரியவர்கள் ‘ஏ போட்டி’ என்பர். ‘நாற்பது’ என்னும் ஆங்கிலச் சொல்லை அறியாத நாம், அது ஓட்டப் போட்டியிலே வென்ற கார் போலும் என்று வியந்ததுண்டு. எம் ‘மொறிஸ் மைனரி’ன் ‘மைனர்’ என்பதற்குச் சிறியது, இளையது என்பது பொருள். அதே ஆங்கிலச் சொல் தமிழகத்திலே, உழைக்காமற் செலவழித்து உல்லாசமாகத் திரியும் இளைஞனைக் குறிக்கலாயிற்று. எம் வீட்டு மைனருக்கும் அக்குணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. வருமானம் ஒன்றுமின்றிச் செலவு மட்டுமே வைக்கின்றது.

இக்கூட்டத்தார் ‘ஸ்ரீ நம்பர்’ என்றால், பழைய வண்டி என்று பொருள். அவர்களுக்கு அது பெருமைச் சொல். ஆயின் அவ்வெழுத்தின் பிறப்பிலே கண்ணீர் உண்டு. 1957ஆம் ஆண்டு தொடக்கம் வாகன இலக்கத் தகடுகளிலே சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறிக்கப்படலாயிற்று. தமிழ் மக்கள் அதனை எதிர்த்தனர். தார் பூசுதலும் பதிலுக்குப் பூசுதலும் நடந்தன. 1958இன் இனக்கலவரத்துக்கு முந்திய மாதங்களிலே நாடெங்கும் மூண்ட கசப்புக்கு அவ்வெழுத்தும் ஒரு காரணமாயிற்று. இன்று அதே தகட்டைத் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருங்கே தேடி விலை பேசுகிறார்கள். காலம் புண்ணை ஆற்றியிருக்கலாம். தழும்பு எங்கிருந்து வந்தது என்பதையும் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று.

யாழ்ப்பாணத்துத் ‘தட்டிவானை’யும் இங்கே நினைக்க வேண்டும். பலகைத் தட்டிகள் கொண்ட உடலமைப்பாலே பெயர் பெற்றது அது. மரக்கறி மூடைகளும் மனிதரும் சமமாகப் பயணம் செய்த வண்டி. தமிழ் ‘தட்டி’யும் ஆங்கில ‘வானு’ம் கைகோத்த அழகிய தொகைச்சொல். 1990களிலே குடாநாட்டிலே பெற்றோல் கிடையாதபோது, சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயிலே பழைய மைனர்களையும் ஏ போட்டிகளையும் ஓட்டினார்கள். அந்த அறிவு எந்தப் பாடநூலிலும் இருக்கவில்லை. கராஜ்ப் பாஷையிலேதான் கையளிக்கப்பட்டது.

நம் காலத்துச் சொற்களும் பின்வாங்கவில்லை. 2005ஆம் ஆண்டில் இந்தியாவிலே டாட்டா நிறுவனம் ‘ஏஸ்’ என்னும் சிறிய சுமை வண்டியை வெளியிட்டது. தமிழகத்தார் அதனைக் ‘குட்டி யானை’ என்றனர்; உருவிலே சிறிது, சுமப்பதிலே யானை. இலங்கைக்கு அது ‘டிமோ பட்டா’ என்னும் விற்பனைப் பெயரோடு வந்தது. சிங்களத்திலே ‘பட்டா’ என்றால் குள்ளன், சிறியவன் என்று செல்லமாகப் பொருள்படும். எம் மாணவர்களிடம் ‘பட்டா’ என்பது என்ன என்று வினவியபோது, நிலத்துக்கு எழுதும் பட்டாவாக இருக்கலாம் என்றான் ஒருவன். பட்டு என்பதோடு சேர்த்தான் இன்னொருவன். சிங்களம் தெரிந்த ஒரு பிள்ளை எழுந்து பொருள் சொன்னபோது வகுப்பே சிரித்தது. இன்று தமிழ்ப் பத்திரிகைகளும் ‘பட்டா ரக வாகனம்’ என்று எழுதுகின்றன. ஒரே வண்டிக்குப் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இரு பெயர். இரண்டும் செல்லப் பெயர்களே.

வயலிலே உழும் இரு சில்லு இயந்திரத்தை எம் விவசாயிகள் ‘லான்ட்மாஸ்டர்’ என்பர். அது இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் பெயர். இன்று யப்பானிய, சீன இயந்திரங்களே பெரும்பாலும் ஓடுகின்றன, பெயர் மாறவில்லை. ‘ஆட்டோ’வின் பிறப்பும் அவ்வாறே விந்தையானது. மனித வலுவால் ஓடும் வண்டி என்று பொருள்பட்ட ‘ஜின்ரிக்கிஷா’ என்னும் யப்பானியச் சொல் ‘ரிக்‌ஷா’வாகக் குறுகிற்று. அதன் தலையிலே ‘தானே’ எனப் பொருள்படும் கிரேக்க ‘ஆட்டோ’ வந்தேறியது. பின்பு ரிக்‌ஷாவும் உதிர்ந்து, கிரேக்கத் தலை மட்டும் எஞ்சிற்று. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தின்போது, பெற்றோல் ஷெட்டின் முன்னே நாட்கணக்காகக் ‘கியூ’வில் நின்றவர்களுள் ஆட்டோச் சாரதிகளே மிகுதி. ‘கியூ’ என்பது வால் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். அவ்வாண்டிலே அது உண்மையிலேயே வீதி நெடுக வாலாக நீண்டு கிடந்தது. யூலை மாதத்திலே பங்கீட்டுக்காகக் ‘கியூ.ஆர்.’ வந்தது. “முதலில் கியூ, பிறகு கியூ.ஆர்.” என்று அவர்கள் சிரித்ததை நாம் கேட்டோம். துன்பத்தினிடையே பிறக்கும் வழக்குச் சொல் ஒருவகை ஆறுதலுமாகும்.

அங்ஙனமாயின் வந்த சொல்லையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு தமிழைக் கைவிடலாமோ என்று சிலர் வினவக்கூடும். அன்று. நம் நாட்டிலே வாகனம் ஓட்டுபவர் ‘சாரதி’. அவர் கையில் இருப்பது ‘சாரதி அனுமதிப்பத்திரம்’. தமிழகத்திலே ‘ஓட்டுநர்’ என்பர். பாரதப் போரிலே பார்த்தனுக்குத் தேரோட்டிய கண்ணபிரானின் பட்டத்தை, நாம் ஆட்டோ ஓட்டும் அன்பருக்கு மனமுவந்து கொடுத்திருக்கிறோம். ‘சில்லு’ என்பது சிறுமியர் முற்றத்திலே எறிந்து விளையாடும் ஓட்டுத் துண்டுக்கும் பெயர். அதனையே வண்டிச் சக்கரத்துக்கு வைத்தோம். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைப்படுத்தினார். எம் கராஜிலே ‘சில்லு’ இயற்சொல், ‘சாரதி’ வடசொல், ‘பவுசர்’, ‘பாஸ்’, ‘அலவாங்கு’, ‘பட்டா’ திசையெல்லாமிருந்து வந்த சொற்கள். அவையெல்லாம் ஒரே கூரையின் கீழ் ஒரே வேலையைச் செய்கின்றன. நல்ல தமிழ்ச் சொல் கிடைக்குமிடத்து அதனை ஆளுவோம். தொழிலாளியின் சொல்லை ஆளுமிடத்து அதற்காக நாணமாட்டோம். இரண்டுக்கும் பகை இல்லை.

நாணத்தினாலே அழியும் சொற்கள் திரும்பி வருவதில்லை. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே நாட்டின் பழைய வண்டிகளை ஓட வைத்தவர்கள் இந்தப் பாஸ்மாரே. இனி வருவனவோ மின்சார வண்டிகளும் கணினி கொண்டு பழுது பார்க்கும் வண்டிகளும். அவற்றோடு புதிய சொற்கள் வரும், வரட்டும். பழைய தொழிலாளர் ஓயும்போது அவர்களுடைய சொற்களும் எழுதப்படாமலே ஓய்ந்துவிடும் என்பதே எமது கவலை. தந்தையின் தொழிற்சொல்லை மகன் எழுத மறுத்தால், அதனை வேறு யார் எழுதுவார்?

அம்மாணவன் தன் கட்டுரையைத் திருத்தி எழுதினான். இம்முறை தந்தையின் அருகில் இருந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினான் என்று பின்னர் அறிந்தோம். சஞ்சிகையிலே அது வெளிவந்தது. அடியிலே முப்பத்தொரு சொற்களுக்குப் பொருளும் சேர்த்திருந்தான். அவற்றுள் ஏழு நாமும் முன்பு அறியாதவை.

மாணவ நேயர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலே மீன்பிடிப்பவர் இருக்கலாம், தச்சர் இருக்கலாம், துறைமுகத்திலே பாரம் தூக்குபவர் இருக்கலாம், தையல் இயந்திரம் மிதிக்கும் தாயார் இருக்கலாம். அவர்கள் கருவிகளை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியிலே நாளொன்றுக்கு ஒரு சொல்லாக எழுதிவைத்து, அது எத்துறையிலே எக்கப்பலிலிருந்து இறங்கியது என்று தேடிப் பாருங்கள். நீங்கள் தேடுவது சொல்லின் வரலாறாக இருக்கும். கேட்கப்பட்டவர்களோ, தம் உழைப்பையும் ஒருவர் படிப்பாக மதித்தார் என்று மகிழ்வார்கள்.